மூன்றாம் ஆண்டில் முதல் நாள்

கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் இடம் கிடைத்த செய்தி ஏப்ரல் கடைசியில் ஒரு சாயங்காலம் வந்தது. தென்காசியில் அப்போது விடிந்தும் விடியாத நேரம். அம்மாவைத்தான் முதலில் கூப்பிட்டேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் கேட்டாள்: "ஏட்டி, இனிமே எல்லார்ட்டயும் சொல்லலாம்லா, எம்மவ காலேஜ்ல படிக்கான்னு?"

அதற்கு முந்தைய இரண்டு வருடமும் நான் காலேஜில்தான் படித்தேன். கூப்பர்டினோவில் இருக்கும் டி ஆன்சா என்ற கம்யூனிட்டி காலேஜ். ஆனால் கம்யூனிட்டி காலேஜ் என்றால் தையலும் டைப்பிங்கும் சொல்லித்தரும் இடம் என்றுதான் எங்கள் ஊரில் நினைக்கிறார்கள். கல்யாண வீட்டில் யாராவது விசாரித்தால் "அமெரிக்காவுல இருக்கா" என்பதோடு அம்மா நிறுத்திக்கொள்வாள். அவளைக் குறை சொல்ல முடியாது. நானே பள்ளித் தோழிகளிடம் கல்லூரியின் பெயரைச் சொல்லாமல் மழுப்பியிருக்கிறேன். அதை நினைத்தால் இப்போது வருத்தமாக இருக்கிறது.

1960-இல் கலிபோர்னியா மாநிலம் உயர்கல்விக்கு ஒரு பெருந்திட்டம் வகுத்தபோதே இந்த வழியையும் சேர்த்துத்தான் வகுத்தது. முதல் இரண்டு ஆண்டுப் பாடங்களைக் கம்யூனிட்டி கல்லூரியில் முடித்துவிட்டு, கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் நேரே மூன்றாம் ஆண்டில் சேரலாம். இப்போது மாநிலம் முழுக்க 116 கம்யூனிட்டி கல்லூரிகள் இருக்கின்றன. பல்கலைக்கழகத்துக்கு மாறி வருகிறவர்களில் மிகப் பெரும்பாலானோர் அவற்றில் படித்தவர்கள்தான். வெளிநாட்டு மாணவருக்கும் இதே வழி உண்டு. அரசின் உதவித்தொகை மட்டும் நமக்குக் கிடையாது. நான்கு வருடம் பல்கலைக்கழகக் கட்டணம் கட்டுவதை எங்கள் வீட்டில் நினைத்துக்கூடப் பார்க்க முடியாது. இரண்டு வருடம் என்றால் வயலை வைத்துக் கடன் வாங்கிச் சமாளிக்கலாம் என்றார் அப்பா.

சான் ஹோசேயில் வாடகைக்கு இருந்த அறையிலிருந்து காலையில் 23-ஆம் நம்பர் பஸ் பிடிப்பேன். ஸ்டீவன்ஸ் கிரீக் சாலையிலேயே நேராகப் போய்க் கல்லூரியில் நிற்கும். கால்குலஸ் வகுப்பில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்த அக்கா என்னைவிட இருபது வயதாவது மூத்தவர். மருத்துவமனையில் இரவு வேலை முடித்து, சீருடையோடு அப்படியே வகுப்புக்கு வருவார். வீட்டுப்பாடத்தை டியூட்டி அட்டவணைத் தாளின் பின்பக்கத்தில்தான் போடுவார். ஒரு நாள் தொகையிடல் கணக்கு ஒன்றில் நான் மாட்டிக்கொண்டபோது அந்தத் தாளை என் பக்கம் நகர்த்தினார். ஓரத்தில் எட்டாம் நம்பர் கட்டில், பன்னிரண்டாம் நம்பர் கட்டில் என்று மருந்து நேரங்கள், நடுவில் மூன்றே வரியில் விடை. மதிப்பெண்ணுக்காக மட்டும் படித்து வந்தவளுக்கு, படிப்பின் மேல் இப்படி ஒரு ஆசை இருக்க முடியும் என்று அந்தத் தாள்தான் காட்டியது.

விண்ணப்ப வேலையைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும், வரப்போகிறவர்களுக்கு உதவும். எந்தக் கல்லூரியின் எந்தப் பாடம் எந்தப் பல்கலைக்கழகப் பாடத்துக்குச் சமம் என்பதை 'அசிஸ்ட்' என்ற இணையதளம் சொல்லிவிடும். சேர்ந்த முதல் வாரமே அதைப் பார்த்துவிடுங்கள். நிபந்தனைகளை நிறைவேற்றினால் இடம் உறுதி என்று ஒரு ஏற்பாடும் உண்டு. ஆறு வளாகங்கள் அதைத் தருகின்றன. பெர்க்லி, லாஸ் ஏஞ்சலஸ், சான் டியாகோ மூன்றும் தருவதில்லை. நான் டேவிஸில் உறுதி வாங்கி வைத்துக்கொண்டு பெர்க்லிக்கும் போட்டேன். ஒன்பது வளாகத்துக்கும் ஒரே விண்ணப்பம்தான். எஸ்ஏடி என்ற நுழைவுத் தேர்வு கிடையாது. நான்கு கேள்விகளுக்கு, ஒவ்வொன்றுக்கும் 350 சொல்லுக்குள், நம்மைப் பற்றி நாமே எழுத வேண்டும்.

எனக்குக் கணக்கைவிட அதுதான் கஷ்டமாக இருந்தது. தன்னைப் பற்றிப் பேசாதே என்று சொல்லி வளர்த்த வீட்டில் இருந்து வந்தவளுக்கு 'நான்' என்று எழுதக் கை வரவில்லை. எங்கள் குடும்பம், எங்கள் ஊர், நாங்கள் பட்ட பாடு என்றே எழுதியிருந்தேன். ஆங்கில வகுப்பு ஆசிரியை அதைப் படித்துவிட்டு, 'நாங்கள்' வந்த இடத்தையெல்லாம் பென்சிலால் வட்டம் போட்டுத் தந்தார். ஒரு பக்கத்தில் பதினேழு வட்டங்கள். "இதில் நீ எங்கே இருக்கிறாய்?" என்றுதான் கேட்டார். அன்றிரவு கிழித்துப் போட்டுவிட்டு, அந்தக் கால்குலஸ் தாளில் இருந்து தொடங்கினேன்.

இடம் கிடைத்த பிறகு விசா வேலை பயந்த அளவுக்கு இல்லை. வெளிநாட்டு மாணவர்களுக்கென்று அமெரிக்க அரசு வைத்திருக்கும் செவிஸ் என்ற கணினிப் பதிவேட்டில் இருக்கும் நம் பதிவை, பழைய கல்லூரி ஒரு தேதி குறித்துப் புதிய இடத்துக்கு விடுவிக்கும். அதற்குப் பிறகு, மாணவர் விசாவுக்கு ஆதாரமாகக் கல்லூரி தரும் ஐ-20 படிவம் புதிதாக வரும். பாஸ்போர்ட்டில் இருக்கும் விசாவில் பழைய கல்லூரியின் பெயர் இருந்தாலும், காலாவதி ஆகாதவரை செல்லும்.

பெர்க்லியில் முதல் மாதம் ரொம்பத் தனியாக இருந்தது. மற்றவர்கள் முதல் ஆண்டிலிருந்தே ஒரே விடுதியில் இருந்து பழகியவர்கள். யாரோடு வீட்டுப்பாடம் செய்வது, எந்தப் பேராசிரியரிடம் எதைக் கேட்பது என்று அவர்களுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. நான் மூன்றாம் ஆண்டு மாணவி, ஆனால் வகுப்பறைக்கே வழி கேட்டுத்தான் போனேன். டி ஆன்சாவில் கணக்கைப் போட்டு விடை எழுதப் பழகியிருந்தேன். இங்கே மெய்ப்பகுப்பாய்வு (ரியல் அனாலிசிஸ்) என்ற கணக்கு வகுப்பில் ஒவ்வொன்றையும் நிரூபிக்கச் சொன்னார்கள். முதல் தேர்வில் வகுப்பின் சராசரிக்கு வெகு கீழே வந்தேன். தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு காம்பனிலி மணிக்கூண்டுக்குக் கீழே ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். தவறி உள்ளே விட்டுவிட்டார்கள் என்றே நினைத்தேன். மாறி வந்த பலருக்கும் முதல் செமஸ்டரில் இப்படி ஆகிறது என்பது, பிறகு அவர்களோடு பேசியபோதுதான் தெரிந்தது.

ஜார்ஜ் ஹார்ட் பல ஆண்டுகள் தமிழ்ப் பேராசிரியராக இருந்த வளாகம் இது. தமிழைச் செம்மொழியாக அறிவிக்க வேண்டும் என்று 2000-இல் கடிதம் எழுதியவர் அவர். அந்த வாரம் டுவினெல் கட்டடத்தில் வழி தப்பி நடந்தபோது, ஒரு அறைக்குள்ளிருந்து "நான் எழுதுகிறேன், நீ எழுதுகிறாய்" என்று நாலைந்து குரல்கள் சேர்ந்து சொல்வது கேட்டது. ழகரத்தில் எல்லோரும் தடுக்கினார்கள், திரும்பச் சொன்னார்கள், மறுபடியும் தடுக்கினார்கள். வாசலிலேயே நின்று முழுதும் கேட்டேன். மறுநாள் கணக்குப் பேராசிரியரின் அறைக் கதவைத் தட்டி, எனக்கு நிரூபணம் எழுதத் தெரியவில்லை என்று சொன்னேன். "சரி, உட்கார். எங்கே நிற்கிறது என்று பார்ப்போம்" என்றார். அதற்குப் பிறகு வாரம் தவறாமல் போனேன்.

போன மாதம் அம்மா கூப்பிட்டாள். பக்கத்துத் தெரு டீச்சரின் மகன் பன்னிரண்டாவது முடித்திருக்கிறானாம், விவரம் கேட்கிறார்களாம். பெர்க்லியைப் பற்றிச் சொல்லத் தொடங்கினேன்.

"அது இருக்கட்டும்ட்டி. மொதல்ல படிச்சியே, அந்தக் காலேஜ் பேரச் சொல்லு. எழுத்துக் கூட்டிச் சொல்லு, காலண்டர் தாள்ல எழுதிக்கிடுதேன்."

ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன். எழுதி முடித்து, சரிதானா என்று ஒரு தடவை திருப்பிப் படித்துக் காட்டினாள்.