வாலு வச்ச நீல வட்டம்

அமெரிக்காவுல ஓரிகன் மாநிலத்தோட தென்கிழக்கு மூலையில ஸ்டீன்ஸ் மலை, அதுக்குக் கிழக்கால ஆல்வோர்ட் பாலைவனம். அந்த ஏரியாவுக்கு யூஎஸ்ஜிஎஸ், அதாவது அமெரிக்க அரசோட நில ஆய்வு அமைப்பு, போட்ட பழைய மேப் ஷீட்ட விரிச்சா முதல்ல கண்ணுல படுறது பழுப்புக் கோடுங்கதான், ஒரே உயரத்துல இருக்கிற இடத்தையெல்லாம் இணைக்கிற கான்டூர் கோடுங்க. 1:24,000 ஸ்கேல், மேப்புல ஒரு சென்டிமீட்டர்னா தரையில 240 மீட்டர். மேற்குப் பக்கம் கான்டூர் கோடெல்லாம் சாவகாசமா தள்ளித் தள்ளி ஏறும், உச்சியத் தாண்டினதும் கிழக்குல ஒண்ணோட ஒண்ணு ஒட்டி பழுப்புப் பட்டையாவே ஆயிடும், ஏன்னா பூமி பிளந்து ஒரு ஓரம் மட்டும் தூக்கிக்கிட்ட மலை அது, 9,733 அடி உச்சியில இருந்து 5,500 அடிக்கு மேல நேரா இறக்கம். கீழ பாலைவனத்துல கோடே இல்ல.

ஆனா மாடு மேய்க்கிற பூமியில பழுப்ப விட நீலம்தாங்க முக்கியம். ஆல்வோர்ட்ல வருஷத்துக்கு 7 இன்ச் மழைதான், அதனால மண் ரோடு, வேலி, பட்டி எல்லாம் தண்ணியப் பாத்துதான் போகும். குட்டி நீல வட்டம், அதுக்கு நெளிஞ்ச ஒரு வாலு, அதான் ஊத்து. ஒரு கோடு மூணு புள்ளின்னு மாறி மாறி வந்தா எப்பவாவது ஓடுற ஓடை, அத நம்பி கேன் எடுக்காம போயிடாதீங்க. ஒரு ஆகஸ்ட்ல அப்படி ஒரு ஓடைக்குப் போனேன், மாட்டுக் குளம்பு பதிஞ்ச சேறு அப்படியே செங்கல் மாதிரி இறுகிக் கிடந்துச்சு, குழிக்குள்ள வெள்ளையா உப்பு.

செவப்புக் கட்டங்களையும் விடாதீங்க, நிலத்த அளந்து பிரிச்ச கட்டங்க அது. 6 மைலுக்கு 6 மைல் ஒரு டவுன்ஷிப், உள்ள 36 செக்‌ஷன், ஒண்ணு 640 ஏக்கர். நம்பர் வடகிழக்கு மூலையில ஆரம்பிச்சு மேற்க போய் அடுத்த வரிசையில கிழக்க திரும்பும், ஏர் உழுற மாதிரியே. அது புரிஞ்சிட்டா கேட்டுல எழுதியிருக்கிற செக்‌ஷன் நம்பர வச்சே நிக்கிற இடத்தக் கண்டுபிடிச்சிடலாம்.

2009ல இருந்து வர்ற புது ஷீட்டெல்லாம் டேட்டாபேஸ்ல இருந்து போடுறது, தண்ணி இறைக்கிற காத்தாடி, பட்டி, கிணறுன்னு பழசுல இருந்த நெறைய விஷயம் விட்டுப்போச்சு. எனக்கு இதுல ரொம்பவே வருத்தம், ஒரு காலத்துல ஆளுங்க நேர்ல நடந்து சரிபார்த்த விவரங்க அதெல்லாம். பழைய ஷீட்ட ஸ்கேன் பண்ணி யூஎஸ்ஜிஎஸ்ஸோட டோப்போவியூ வெப்சைட்டுல இலவசமா வச்சிருக்காங்க, ரெண்டையும் பிரின்ட் எடுத்துட்டுப் போங்க. போன தடவ பழசுல மட்டும் இருந்த ஒரு காத்தாடியத் தேடிப் போனேன், காத்தாடி இல்ல, நாலு இரும்புக் காலும் துருப்பிடிச்ச தொட்டியும் மேப்புல போட்ட எடத்துலயே இருந்துச்சு.