கரும்புச் சக்கைல கப்போர்டு

2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயலப்போ வேளச்சேரில எங்க வீட்டுக்குள்ள முழங்கால் அளவு தண்ணி, வடிஞ்சப்புறம் பாத்தா கிச்சன் கப்போர்டோட கீழ்ப்பெட்டி எல்லாம் டீல முக்குன ரஸ்க் மாதிரி ஊதிப்போய் தொட்டாலே உதிருது. அத்தனையும் மரத்தூள பசை போட்டு அழுத்திப் பண்ண பார்ட்டிகிள் போர்டு. இத்தனை நாள் அப்படியே ஓட்டிட்டு இப்பதான் புதுசா போடலாம்னு கார்பெண்டர் அண்ணன கூப்பிட்டேன், அவர் ஒரு சாம்பிள் துண்டக் காட்டி "இது கரும்புச் சக்கை தம்பி, மரமே கிடையாது"ன்னாரு. மரமே தாங்கலயே, சக்கை எப்படிண்ணே தாங்கும்னு கேட்டேன். "ஊதுறதுக்கு மரம் என்ன பண்ணும், எல்லாம் பசைதான்"னு சொல்லிட்டு டேப்ப எடுத்து அளக்க ஆரம்பிச்சுட்டாரு.

அந்த ஒரு வார்த்தைதான் என்னைப் படிக்க வெச்சுது. சொந்த ஊரு முண்டியம்பாக்கம் பக்கம், அரவை சீசன்ல ஆலைப் பக்கம் போனா சக்கை மலை மாதிரி குவிஞ்சு கிடக்கும், அத வேஸ்டுன்னே நெனச்சு வளந்தவன் நான். ஒரு டன் கரும்பு அரைச்சா கிட்டத்தட்ட 300 கிலோ ஈரச்சக்கை வருது, அதுல பாதி வெறும் தண்ணி. ஆனா அத யாரும் சும்மா விடறதில்ல, ஆலையே பாய்லர்ல எரிச்சு நீராவியும் கரண்டும் எடுத்துக்குது, கரூர்ல டிஎன்பிஎல்ங்கற காகித ஆலைல அதுல பேப்பரே பண்றாங்க, அதனால போர்டு பண்றவங்க இவங்களோட எல்லாம் போட்டி போட்டுத்தான் சக்கை வாங்கணும். சீசன் சில மாசம்தான், வருஷம் பூரா மெஷின் ஓடணும்னா சேத்து வெக்கணும், சேத்து வெச்சா மிச்சமிருக்க சர்க்கரை புளிச்சு சக்கை மக்கிடும். அதுவும் போக தண்டுக்குள்ள மெத்துன்னு பஞ்சு மாதிரி இருக்குல்ல, அத மொதல்ல பிரிச்சு எடுத்துடணும், விட்டா பசைய எல்லாம் அதுவே குடிச்சுடும், அப்புறம் போர்டான பிறகு தண்ணியயும் குடிக்கும்.

சக்கைக்குப் பதிலா வைக்கோல், உமில போர்டு பண்ணலாம்னு போனா வேற தலைவலி. மேல்தோல்ல மெழுகும் சிலிக்காவும் இருக்கு, சாதாரண யூரியா பார்மால்டிஹைடு பசை அதுல சரியா பிடிக்காது, வெட்டுற பிளேடும் சீக்கிரம் மழுங்கிடும். அதுக்கு எம்டிஐன்னு ஒரு பசை போடறாங்க, அதுல பார்மால்டிஹைடு கிடையாது, தண்ணியயும் நல்லா தாங்கும், ஆனா விலை ஜாஸ்தி, பிரஸ் பண்ற இரும்புத் தகட்டுலயே ஒட்டிக்கிற அளவுக்கு பிடிக்கும்.

எனக்கு ரொம்ப முக்கியமா படறது இதுதான். யூரியா பசைலேர்ந்து கொஞ்சம் கொஞ்சமா கசியற பார்மால்டிஹைடு வாயு புற்றுநோய் வரவைக்கும்னு உலக சுகாதார அமைப்போட புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு ஐஏஆர்சி 2004லயே வகைப்படுத்தியாச்சு. சக்கைல பண்ணது, பசுமையான பொருள்னு விளம்பரம் பண்ணிட்டு உள்ள அதே யூரியா பசைய ஊத்தியிருந்தா, மரம் தப்பிச்சுது சரி, சின்ன கிச்சன்ல ஜன்னல சாத்திட்டு சமைக்கிற எங்கம்மா அதத்தான சுவாசிக்கணும்? அதனால போர்டு வாங்கறப்போ எதுல பண்ணதுன்னு கேக்கறதோட நிறுத்தாதீங்க, என்ன பசை, எமிஷன் கிரேடு, அதாவது அந்த வாயு எவ்வளவு கசியும்ங்கற தரம், ஈ-1ஆ இல்ல அதவிட கம்மியா கசியற ஈ-0வான்னு கேளுங்க, கடைக்காரர் முழிச்சாலும் பரவால்ல, கேளுங்க.

நாங்க மேல் கப்போர்டுக்கும் லாஃப்ட்டுக்கும் சக்கை போர்டு போடறோம், ஒரு விளிம்பு விடாம நாலு பக்கமும் எட்ஜ் பேண்ட், அதாவது விளிம்ப மூடற பட்டை, ஒட்டித் தரணும்னு சொல்லியிருக்கேன். சிங்க்குக்கு கீழ மட்டும் அம்மா சொன்ன மாதிரி கடப்பா கல்லு.