தம்பி காணாமல் போய் 24 வருடம் கழித்து ஒரு எஃப்.ஐ.ஆர்.

என் தம்பி காணாமல் போனது 1999 மாசியில், கன்னியாகுமரி மாவட்டம் மண்டைக்காடு பகவதி அம்மன் கோயில் கொடைத் திருவிழா அன்று. அவனுக்கு 4 வயது, எனக்கு 11. அவனுக்காக முதல் எஃப்.ஐ.ஆர். பதிவானது 2023 ஆகஸ்டில். அதை எப்படி வாங்கினோம் என்று எழுதி வைக்க நினைக்கிறேன். ஆபீஸ் ஆபீஸாக அலைந்தபோது எங்களைப் போன்ற வேறு இரண்டு குடும்பங்களையும் பார்த்தேன். "பழைய கதை, இனி ஒண்ணும் பண்ண முடியாது" என்று சொல்லித்தான் அவர்களையும் திருப்பி அனுப்பியிருந்தார்கள்.

முதலில் அன்று நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். மண்டைக்காட்டுக்கு வந்தவர்களுக்கு அந்தக் கூட்டம் தெரியும். இருமுடி கட்டிக்கொண்டு கேரளாவிலிருந்து பெண்கள் பஸ் பஸ்ஸாக வந்து இறங்குவார்கள். அம்மா பொங்கல் வைத்துக்கொண்டிருந்தாள். அப்பா மண்டையப்பம் நேர்ச்சைக்கு நடைப் பக்கம் போயிருந்தார். நான் தம்பியைக் கடற்கரைக்குக் கூட்டிப் போனேன். ஒரு அலை வந்து அவன் சட்டையை நனைத்துவிட்டது. சிவப்புச் சட்டை. அதைக் கழற்றிப் பிழிந்து என் பைக்குள் வைத்தேன். வெறும் நீல நிக்கரோடு நின்றான். திரும்பி வரும் வழியில் வெடி வழிபாட்டு வெடி ஒன்று பக்கத்தில் வெடித்தது. வெடிச் சத்தம் என்றால் அவனுக்குப் பயம். கையை உதறிவிட்டு ஓடினான். அம்மாவிடம்தான் ஓடுகிறான் என்று நினைத்தேன். நான் போய்ச் சேர்ந்தபோது அம்மா தனியாகத்தான் இருந்தாள்.

மைக்கில் அறிவித்தார்கள். "சிவப்புச் சட்டை, நீல நிக்கர்" என்று அப்பா சொல்லிக் கொடுத்தார். காலையில் வீட்டிலிருந்து கிளம்பும்போது அவர் பார்த்தது அதுதான். அவர் பக்கத்தில் நான் பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பைக்குள் அந்தச் சட்டை ஈரமாகக் கிடந்தது. பயத்தில் எனக்கு நாக்கு எழும்பவில்லை. ராத்திரி சித்தியிடம் சொன்னேன். "இப்ப அதுவா மோளே முக்கியம்?" என்றாள். மறுநாள் போலீசில் எழுதிக் கொடுத்த மனுவிலும் சிவப்புச் சட்டைதான். சட்டை போட்ட பிள்ளையை எல்லோரும் தேடினார்கள். சட்டை போடாத பிள்ளையை யாரும் தேடவில்லை.

மூன்றாம் நாள் எல்லோர் வாயிலும் ஒரே பேச்சு: கடல் எடுத்திருக்கும். பக்கத்துக் கரைக்காரர்கள் வள்ளத்தில் போய்த் தேடிக் கொடுத்தார்கள். அந்த நன்றி எங்களுக்கு என்றும் உண்டு. ஆனால் எதுவும் கரை ஒதுங்கவில்லை. போலீசும் அத்தோடு விட்டுவிட்டது. அப்பா விடவில்லை. கொத்தனார் வேலையில் மிச்சம் பிடித்த காசில் திருவனந்தபுரத்துக்கும் கொல்லத்துக்கும் போய் வருவார். ஒவ்வொரு அநாதை இல்லத்தின் பெயரையும் ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தார். 2022-ல் இறந்துபோனார்.

அதற்கு அப்புறம்தான் இந்த அலைச்சல் ஆரம்பித்தது. வீடு அப்பா பெயரில் இருந்ததால் வாரிசுச் சான்றிதழுக்கு விண்ணப்பித்தோம். ரேஷன் கார்டில் தம்பி பெயரை அப்பா கடைசிவரை நீக்கவிடவில்லை. "மகன் எங்கே?" என்று வி.ஏ.ஓ. கேட்டார். காணாமல் போய்விட்டான் என்றோம். அப்படியானால் இறப்புச் சான்றிதழ் வேண்டும், இல்லையென்றால் அவன் இறந்ததாகக் கருதச் சொல்லி கோர்ட் தீர்ப்பு வேண்டும் என்றார். ஒருவரைப் பற்றி 7 வருடம் எந்தத் தகவலும் இல்லையென்றால், அவர் இறந்துவிட்டதாகக் கருத அப்போதிருந்த இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 108-ஆவது பிரிவு இடம் கொடுத்தது. (2024 ஜூலையில் வந்த புதிய சாட்சியச் சட்டத்தில் அது 111.) 7 வருடம் முடிந்தால் தானாக நடந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. சிவில் கோர்ட்டில் வழக்குப் போட்டு வாங்க வேண்டும். அந்த வழக்கில் அம்மா கையெழுத்துப் போட வேண்டும்.

அம்மா பேனாவைத் தொடவே இல்லை. "நான் பெத்த பிள்ளைய நானே கையெழுத்துப் போட்டுக் கொல்லணுமா மக்களே?" என்று கேட்டாள். அதற்கு மேல் நான் அவளை வற்புறுத்தவில்லை.

அந்த வழக்குக்கு, தேடியும் கிடைக்கவில்லை என்று போலீஸ் தரும் சான்று வேண்டும் என்று ஏற்கெனவே சொல்லியிருந்தார்கள். வழக்கு வேண்டாம் என்றாலும் அந்தக் காகிதம் எனக்கு வேண்டியிருந்தது. 24 வருடத்தில் அவனுக்காக என்னதான் செய்தார்கள் என்று தெரிய வேண்டும். ஸ்டேஷனுக்குப் போனேன். ரைட்டர் நல்ல மாதிரியாகத்தான் பேசினார். "1999 ரெக்கார்டா? அதெல்லாம் எப்பவோ அழிச்சாச்சு. கம்ப்யூட்டர்ல ஏத்துனது பிறகு வந்ததுதான்" என்றார். அது உண்மைதான். ஸ்டேஷன்களை இணைக்கும் சி.சி.டி.என்.எஸ். திட்டத்துக்கு ஒப்புதல் கிடைத்ததே 2009-ல்தான். 1999-ல் கொடுத்த மனு காகிதமாகத்தான் இருந்திருக்கும்.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போட்டேன். 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும். மூன்று கேள்விகள் கேட்டேன்: இந்தத் தேதியில் கொடுத்த மனுவின் மேல் எஃப்.ஐ.ஆர். பதிவானதா? பதிவானால் அதன் எண் என்ன? வழக்கை முடித்திருந்தால் எந்தக் காரணத்தால்? 1999 மனுவுக்கு ஸ்டேஷனில் கொடுத்த ரசீதின் எண்ணைக் குறிப்பிட்டதால்தான் உருப்படியான பதில் வந்தது. அந்த ரசீது அப்பாவின் தகரப் பெட்டியில் இருந்தது. நேர்ச்சை ரசீதுகளோடும் பஸ் டிக்கெட்டுகளோடும் பிளாஸ்டிக் கவரில் மடித்து வைத்திருந்தார். வீட்டில் இப்படிப்பட்ட பழைய காகிதம் எது இருந்தாலும், முதலில் நான்கு நகல் எடுத்து, மூலத்தைப் பத்திரப்படுத்திவிடுங்கள். கேட்கிறார்கள் என்று மூலத்தை எந்த ஆபீசிலும் கொடுத்துவிடாதீர்கள்.

பதில் ஒரே வரி: எஃப்.ஐ.ஆர். பதிவு செய்யப்படவில்லை. மனு ரசீதோடு முடிந்திருக்கிறது. அதாவது சட்டத்தின் கணக்கில் என் தம்பி காணாமல் போகவே இல்லை. முடித்து வைக்கக்கூட ஒரு வழக்கு இருந்ததில்லை. அன்று சாயங்காலம் வடசேரி பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து அழுதேன். அப்பா இதைத் தெரிந்துகொள்ளாமல் போனதே நல்லது என்று அப்போது தோன்றியது. இப்போது அப்படித் தோன்றவில்லை. அவருக்குத் தெரிந்திருந்தால் இதை முன்னாலேயே செய்திருப்பார்.

நாகர்கோவிலில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போனேன். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் பார்க்காமல் அங்கே இலவச வக்கீல் கிடைப்பார். எனக்குக் கிடைத்த வக்கீலக்கா ரசீதையும் ஆர்.டி.ஐ. பதிலையும் இரண்டு தடவை படித்துப் பார்த்துவிட்டு, "எஃப்.ஐ.ஆர். இல்லாததுதான் இப்ப உங்களுக்கு வழி" என்றார்.

பச்பன் பச்சாவோ ஆந்தோலன் என்ற அமைப்பு தொடுத்த வழக்கில் 2013 மே 10-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் போட்ட உத்தரவை அவர் எடுத்துக் காட்டினார். குழந்தையைக் காணோம் என்று புகார் வந்தால் எஃப்.ஐ.ஆர். பதிவு செய்தே ஆக வேண்டும். வேறு விதமாகத் தெரியவரும்வரை, அது கடத்தல் என்றுதான் தொடக்கத்திலேயே எடுத்துக்கொள்ள வேண்டும். எங்களுக்கு உயிர் கொடுத்தது அடுத்து வந்த பகுதி: எஃப்.ஐ.ஆரே பதிவாகாமல் குழந்தை இன்னும் கிடைக்காமல் இருக்கும் பழைய புகார்களிலும் ஒரு மாதத்துக்குள் எஃப்.ஐ.ஆர். போட்டு விசாரிக்க வேண்டும். அந்த இடத்தை நான் எத்தனை தடவை படித்திருப்பேன் என்று தெரியாது. "கடல் எடுத்திருக்கும்" என்று ஒருவர் ஊகித்ததால்தான் என் தம்பியைத் தேடுவது நின்றது. அப்படி ஊகித்துத் தேடலை நிறுத்தக் கூடாது என்று நாட்டின் பெரிய கோர்ட் சொல்லி அப்போதே 10 வருடம் ஆகியிருந்தது.

ஸ்டேஷனில் மறுபடியும் தயங்கினார்கள். "காலாவதி ஆயிருக்குமே" என்றார் எஸ்.ஐ. அதற்கும் வக்கீலக்கா பதில் எழுதிக் கொடுத்திருந்தார். காலவரம்பு 3 வருடம் வரை தண்டனை உள்ள குற்றங்களுக்குத்தான். கடத்தலுக்கான இந்தியத் தண்டனைச் சட்டம் 363-ஆவது பிரிவில் 7 வருடம் வரை தண்டனை உண்டு, அதனால் காலாவதி என்ற பேச்சுக்கே இடமில்லை. அப்படியும் அவர்கள் பதிவு செய்யவில்லை. மனுவைப் பதிவுத் தபாலில் எஸ்.பி.க்கு அனுப்பினோம், புதன்கிழமை மனு நாளில் நேரிலும் கொடுத்தோம். அதுவும் நடக்காவிட்டால் மாஜிஸ்திரேட்டிடம் போவது என்று இருந்தோம். தேவைப்படவில்லை. ஐந்தாவது வாரம் ஸ்டேஷனிலிருந்து கூப்பிட்டு எஃப்.ஐ.ஆர். நகலைக் கையில் கொடுத்தார்கள். புகார் கொடுத்தவருக்கு அதை இலவசமாகக் கொடுக்க வேண்டும், காசு கேட்டால் கொடுக்காதீர்கள். (இப்போது குற்றவியல் நடைமுறைக்கு பி.என்.எஸ்.எஸ். என்ற புதிய சட்டம் வந்துவிட்டதால் பிரிவு எண்கள் மாறியிருக்கின்றன. எஃப்.ஐ.ஆருக்கு 173, ஸ்டேஷன் மறுத்தால் எஸ்.பி.க்கும் பிறகு மாஜிஸ்திரேட்டுக்கும் போக 173(4).)

இரண்டு வாரம் கழித்து என் வாக்குமூலம் வாங்கினார்கள். சாட்சி சொல்லும் பெண்ணை ஸ்டேஷனுக்கு வரச் சொல்லக் கூடாது, அவர் இருக்கும் இடத்துக்குப் போய்த்தான் விசாரிக்க வேண்டும். அதனால் எஸ்.ஐ.யும் ஒரு பெண் போலீசும் வீட்டுக்கு வந்தார்கள். எனக்கு அப்போது 35 வயது. அன்று என்ன நடந்தது என்று ஒரு போலீஸ்காரர் என்னிடம் கேட்டது அதுதான் முதல் தடவை. சட்டையைப் பற்றிச் சொன்னேன். அம்மா அடுக்களை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

மொழி என்ற இடத்தில் "தமிழ்" என்று மட்டும் எழுதப் போனார்கள். நான் விடவில்லை. நம் ஊர்ப் பிள்ளைகள் தண்ணீரை "வெள்ளம்" என்றுதானே சொல்லும்? கேரளாவில் ஒருவர் கையில் அவன் அகப்பட்டு "வெள்ளம் வேணும்" என்று கேட்டிருந்தால், அவன் தமிழ்ப் பிள்ளை என்றே அவர்களுக்குத் தோன்றியிருக்காது. பெயர் என்ன என்று கேட்டால் "கொச்சு" என்பான். நாங்கள் வீட்டில் கூப்பிட்ட பெயர் அது. அங்கே எந்தச் சின்னப் பிள்ளையையும் அப்படிக் கூப்பிடுவார்கள். அப்பா தேடிப் போன இல்லங்களில் எல்லாம் தமிழ் பேசும் பையன் என்று சொல்லித்தான் விசாரித்தார். இதை யோசிக்க எனக்கு இத்தனை வருடம் ஆகியிருக்கிறது. எஸ்.ஐ. பேனாவை நிறுத்தி என்னைப் பார்த்தார், பிறகு நான் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டார். இடது முட்டியில் கஞ்சி கொட்டிய தழும்பு, வலது காதில் மட்டும் குத்திய துளை. இரண்டும் 1999 மனுவில் இல்லை.

4 மாதத்தில் குழந்தை கிடைக்காவிட்டால் வழக்கு ஆள்கடத்தல் தடுப்புப் பிரிவுக்குப் போக வேண்டும் என்பது விதி. 2024 ஜனவரியில் எங்கள் வழக்கும் போனது. அங்கே இருந்த பெண் இன்ஸ்பெக்டர் முதலில் கேட்டது டி.என்.ஏ. அம்மாவின் மாதிரியை ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவமனையில் எடுத்தார்கள், அப்புறம் என்னுடையதை. அப்பா இல்லையே என்று நான் சொன்னதும், அவர் கூடப் பிறந்த ஆண் யாராவது உண்டா என்று கேட்டார். ஒய் குரோமோசோம் அப்பன் வழியாக மகன்களுக்கு மாறாமல் வருமாம். அதனால் சித்தப்பாவின் ரத்தமும் அடையாளம் காண உதவும் என்றார். சித்தப்பா கொட்டாரக்கரையில் வேலை பார்க்கிறார். சொன்ன மறுநாளே வந்துவிட்டார். "அண்ணனுக்குப் பதிலா நானாவது குடுக்கேன்" என்று சொல்லிக்கொண்டே கையை நீட்டினார்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நாடு முழுவதற்கும் பொதுவான டி.என்.ஏ. தொகுப்பு நம்மிடம் இல்லை. அதற்காகக் கொண்டுவந்த மசோதாவை 2023 ஜூலையில் திரும்பப் பெற்றுவிட்டார்கள். மாதிரி கொடுத்ததும் எங்கோ ஒரு கம்ப்யூட்டர் தானாகப் பொருத்திப் பார்த்துவிடும் என்று நினைக்காதீர்கள். சந்தேகப்படும்படி ஒருவர் கிடைத்தால் அவரோடு ஒப்பிட்டுப் பார்க்க அது ஃபைலில் இருக்கும், அவ்வளவுதான். ஆனாலும் பெற்றவர்கள் உயிரோடு இருக்கும்போதே கொடுத்துவிடுங்கள். எங்கள் அப்பாவுடையது இல்லாமல் போய்விட்டது.

வளர்ந்த முகத்தைப் படமாக உருவாக்கவும் கேட்டிருக்கிறோம். சென்னையில் 2011-ல் 2 வயதில் காணாமல் போன ஒரு சிறுமியின் 14 வயது முகத்தைக் கம்ப்யூட்டர் மூலம் உருவாக்கிப் போலீஸ் வெளியிட்ட செய்தியைப் படித்துவிட்டுத்தான் கேட்டேன். அதற்கு, அதே வயதில் எடுத்த குடும்பத்தாரின் படங்களும் வேண்டுமாம். தம்பிக்கு அப்போது 29 இருக்கும். அப்பாவுக்குக் கல்யாணம் ஆனபோது 28. அந்தக் கல்யாணப் படத்தைச் சுவரிலிருந்து கழற்றிக் கொடுத்தோம்.

வாரிசுச் சான்றிதழ் இன்னும் வரவில்லை. மகன் பெயரையும் சேர்த்துத்தான் தர வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறோம். அதனால் வீடு அப்பா பெயரிலேயே கிடக்கிறது. அம்மாவுக்கு அதில் வருத்தம் எதுவும் இல்லை.

எஃப்.ஐ.ஆர். நகலும் என் வாக்குமூலமும் உள்ள ஃபைலை வக்கீலக்கா கொடுத்த அன்று, அம்மாவுக்கு ஒவ்வொரு பக்கமாகப் படித்துக் காட்டினேன். அவள் இடையில் நிறுத்தி ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "சட்டை போட்டிருக்கலைன்னு எழுதியிருக்காங்களா மக்களே?"

மூன்றாம் பக்கத்தில் எழுதியிருந்தது. அந்த வரியில் அவள் விரலைப் பிடித்து வைத்துக் காட்டினேன்.