பயப்படாதீங்க, பயம் இருக்கட்டும்

எனக்கு அப்போ பத்து வயசு இருக்கும். ஸ்கூல் விட்டு வரேன், வீட்டுக்கதவு திறந்து கிடக்கு, ஃபேன் ஓடுது, குழாய்க்கு கீழ பக்கெட் நிறைஞ்சு தண்ணி வழிஞ்சிட்டு இருக்கு, ஆனா வீட்ல ஒரு ஆள் இல்ல. வேற பிள்ளையா இருந்தா அம்மா பக்கத்து வீட்டுக்குப் போயிருப்பாங்கன்னு நெனச்சிருக்கும். நான் நெனச்சது, முடிஞ்சுது, இயேசு திடீர்னு வந்து தம்ம நம்புறவங்கள மட்டும் பரலோகத்துக்கு எடுத்துட்டுப் போவாருன்னு சபைல சொல்ற ரகசிய வருகை வந்துடுச்சு, எல்லாரையும் எடுத்துக்கிட்டாரு, என்னை மட்டும் விட்டுட்டாரு. ஏன்னா அன்னைக்குக் காலைல தான் ஹோம்வொர்க் முடிச்சிட்டேன்னு பொய் சொல்லியிருந்தேன். பையைக்கூட கழட்டாம பக்கெட் முன்னாடி நின்னு அழுதுட்டு இருந்தேன், அம்மா மாடில இருந்து காஞ்ச துணியோட இறங்கி வந்து "தண்ணி வழியுது, மூடாம என்னத்த பாத்துட்டு நிக்கிற"ன்னு ஒரு அதட்டு போட்டாங்க. அந்த அதட்டு மாதிரி ஒரு ஆறுதல் எனக்கு அதுக்கப்புறம் கெடைச்சதில்ல.

சபைல வளர்ந்த நிறைய பேர்கிட்ட இப்படி ஒரு கதை இருக்கும், சொல்லிச் சிரிப்போம். ஆனா அந்தப் பயம் சும்மா போகல. ரொம்ப வருஷம் என் ஜெபம் இன்சூரன்ஸ் பிரீமியம் கட்டற மாதிரி தான் இருந்துச்சு, ஒருநாள் விட்டுட்டா ஏதாவது ஆயிடும்னு. பெரியவனான பிறகு வேலை இடத்துல ஒரு தப்பு பண்ணேன், பழி இன்னொருத்தர் மேல போச்சு, நான் வாய் திறக்கல. அதுக்கப்புறம் பதினோரு நாள் வேதத்தைத் தொடவே இல்ல. அது மேல சார்ஜரை வச்சுட்டேன், அப்புறம் ஒரு நோட்டு, அப்புறம் மடிச்ச துணி. வேணும்னு பண்ணலன்னு சொல்ல ஆசை தான், ஆனா வேணும்னு தான் பண்ணேன்.

ஆதாம் பண்ணதும் இதே தான். "பயந்து, ஒளித்துக்கொண்டேன்" (ஆதியாகமம் 3:10). இயேசு சொன்ன தாலந்து உவமைல (தாலந்துன்னா அந்தக் காலத்துப் பணம்) வியாபாரம் பண்ண ஒரு தாலந்து வாங்கினவனும் எஜமான்கிட்ட, நீர் கடினமுள்ள மனுஷன்னு அறிவேன், அதனால பயந்துபோய் புதைச்சு வச்சேன்னு சொல்றான். பயந்தவன் ஒண்ணு ஒளியிறான், இல்ல ஒளிச்சு வைக்கிறான். எனக்குப் புதைக்கறதுக்கு மடிச்ச துணி போதுமா இருந்துச்சு.

அந்த நாட்கள்ல என்னை நிறுத்தினது 130-ம் சங்கீதம், நாலாம் வசனம். "உமக்குப் பயப்படும்படிக்கு உம்மிடத்தில் மன்னிப்பு உண்டு." எத்தனையோ தடவ ஒப்பிச்ச வசனம் தான். உம்மிடத்தில் தண்டனை உண்டு, அதனால பயப்படுறோம்னு இருந்தா லாஜிக் சரியா இருக்கும், இங்க மன்னிப்புல இருந்து பயம் வருது, அது எப்படி? மன்னிக்க வேண்டிய கட்டாயமே இல்லாத ஒருத்தர் மன்னிச்சுட்டு அமைதியா உங்களப் பாத்தா எப்படி இருக்கும்னு யோசிங்க, அடி வாங்கினா கணக்கு தீர்ந்துடும், மன்னிப்பு வாங்கினா திரும்ப அதைச் செய்ய கை கூசும். மறுநாள் போய் உண்மையச் சொன்னேன். கால் நடுங்கிட்டே தான் போனேன், அந்த நடுக்கம் வேற விஷயம்.

யாத்திராகமம் 20:20-ல மோசே ஒரே மூச்சுல ரெண்டையும் சொல்றாரு: பயப்படாதிருங்கள், நீங்க பாவம் செய்யாதபடிக்கு தேவனைப் பற்றின பயம் உங்க முன்னாடி இருக்கத்தான் அவர் வந்திருக்காருன்னு. மாற்கு 4-லயும் இது தான். புயல்ல சீஷர்களுக்குப் பயம், சரி. ஆனா இயேசு புயல்காத்தையும் கடலையும் அடக்கின பிறகு தான் "மிகவும் பயந்து", இவர் யாரோன்னு கேக்கறாங்க. ஆபத்து போயிடுச்சு, பயம் கூடிடுச்சு, ஆனாலும் படகுல இருந்து யாரும் குதிக்கல.

"அன்பிலே பயமில்லை"ன்னு 1 யோவான் 4:18-ஐ எடுத்துட்டு பயமே வேணாம்னு சொல்றவங்க இருக்காங்க. அதே வசனத்துல பயமானது வேதனையுள்ளதுன்னு வருதே, அந்த வேதனைக்கு மூல கிரேக்கத்துல இருக்கிற கோலாசிஸ்ங்கிற சொல்லுக்கு அர்த்தம் தண்டனை. யோவான் துரத்தச் சொல்றது தண்டனைப் பயத்த. ஆண்டவர் நம்ம தோள்ல கைபோட்டுக்கிட்டு நம்ம சொல்றதுக்கெல்லாம் தலையாட்டுற ஃப்ரெண்டுங்கிற மாதிரி பேசறது எனக்கு இப்பல்லாம் எரிச்சலா இருக்கு (வயசாகுதோ என்னவோ). சிலுவைய பாத்துட்டு அப்படி லேசா எப்படிப் பேசறது, பாவத்துக்கு அவ்ளோ விலை இருக்குன்னும் அந்த விலைய அவரே குடுத்தாருன்னும் ஒரே இடத்துல தானே தெரியுது.

புராட்டஸ்டன்ட் சபைகளுக்கு வழி திறந்த மார்ட்டின் லூத்தர் 1505-ல இடி மின்னலுக்குப் பயந்து, உயிர் பிழைச்சா துறவி ஆகறேன்னு நேர்ந்துகிட்டு மடத்துக்குப் போனவரு. அங்கயும் பயம் விடல, கிருபைய கண்டுபிடிச்ச பிறகு தான் மூச்சு வந்துச்சு. அதே ஆள் 1529-ல பிள்ளைங்களுக்குன்னு எழுதின ஞானோபதேசத்துல (விசுவாசத்தைக் கேள்வி பதிலா சொல்லித்தர்ற சின்னப் புத்தகம்) பத்துக் கட்டளைல ஒவ்வொண்ணுக்கும் விளக்கத்த தேவனுக்குப் பயந்து, அவர்ல அன்பு வைக்கணும்னு தான் ஆரம்பிக்கிறாரு. பயத்துல அவ்ளோ அடிபட்டவரு அந்த வார்த்தைய தூக்கிப் போடாம அன்பு பக்கத்துல உக்கார வச்சிருக்காரு.

எனக்கு இன்னும் எல்லாம் சரியாயிடல. போன வாரம் வீட்டுக்கு வந்தேன், கதவு திறந்திருக்கு, லைட் எரியுது, கூப்பிட்டா சத்தமே இல்ல. நெஞ்சுல அந்தப் பழைய டப்புன்னு ஒரு அடி. ஆண்டவரே, என்னை விட்டுட்டீங்களான்னு சிரிச்சுக்கிட்டே கேட்டேன். அப்புறம் மாடிக்குப் போய் துணி எடுக்க உதவி பண்ணேன்.