புழுக்கையில் பூத்த ஆரஞ்சுப் பொட்டுகள்

பதினோராம் நாள் காலை கைலென்ஸில் பார்த்தேன். ஈரமண்ணில் பாதி புதைத்து வைத்திருந்த முயல் புழுக்கையின் மேல், கடுகில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாத ஆரஞ்சு உருண்டைகள் ஐந்தாறு. நெய்த்துளி போலப் பளபளத்தன. மிக்சோகாக்கஸ் என்ற பாக்டீரியாவின் கூட்டம்! முதல் முறை புழுக்கையைச் சுடுநீரில் கழுவியதோடு விட்டதால் இரண்டே நாளில் பூஞ்சணம் மூடிவிட்டது. இம்முறை குக்கரில் இருபது நிமிடம் வேகவைத்தேன்.

ஓர் உருண்டைக்குள் ஏறத்தாழ ஒரு லட்சம் பாக்டீரியாக்கள் இருக்கக்கூடும். உணவு இருக்கும்வரை கூட்டமாக ஊர்ந்து மற்ற பாக்டீரியாக்களை வேட்டையாடுபவை இவை. பட்டினி வந்தால் ஓரிடத்தில் குவிந்து மேடு கட்டி, உள்ளே பட்டினியைத் தாங்கி உறங்கும் வித்தாக மாறுகின்றன. அத்தனையும் எப்படிச் சொல்லிவைத்தாற்போல் கூடுகின்றன என்பதுதான் என்னைப் பிடித்துக்கொண்ட கேள்வி.

ஊசி முனையால் ஓர் உருண்டையை எடுத்து, ஈஸ்ட் கலந்த அகர் (கடற்பாசிக் கூழ்) தட்டில் வளர்த்தேன். மெல்லிய படலமாகப் பரவியது. அதன் ஓரத்திலிருந்து சுரண்டி, உணவே இல்லாத வெறும் அகரில் இரண்டு சொட்டு வைத்தேன்: ஒன்று கெட்டியாக, மற்றது நூறு மடங்கு நீர்த்து. மூன்றாம் நாள் கெட்டிச் சொட்டில் மேடுகள் எழுந்துவிட்டன. நீர்த்த சொட்டில் ஒன்றுகூட இல்லை. இரண்டுக்கும் ஒரே பட்டினிதான். வேறுபட்டது தலைகளின் எண்ணிக்கை மட்டுமே.

இதைத்தான் 'ஏ' சமிக்ஞை என்கிறார்கள். பட்டினி கிடக்கும் செல்கள் புரதங்களை வெளியே வெட்டிவிட, அமினோ அமிலங்கள் கசிகின்றன. பசியாற்றப் போதாத சிறு அளவுதான். ஆனால் அது ஒரு வரம்பைத் தாண்டினால், 'போதுமான பேர் இருக்கிறோம்' என்று அர்த்தம். உணவையே செய்தியாக்கியிருப்பதை நினைக்க நினைக்க மலைப்பாக இருக்கிறது.

அடுத்து வரும் 'சி' சமிக்ஞை காற்றிலோ நீரிலோ பரவுவதில்லை. செல்லும் செல்லும் ஒட்டி உரச வேண்டும். 1978-இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் உயிரியலாளர் டேல் கைசர் குழுவினர், மரபணு பழுதானதால் தனியே வித்தாக முடியாத இரு வேறு திரிபுகளைக் கலந்தபோது வித்துகள் உருவாயின. ஒன்றிடம் இல்லாத சமிக்ஞையை மற்றது கொடுத்தது. பின்னர், 1990-இல், நகர முடியாத செல்களை அகரில் கீறிய நுண்ணிய பள்ளங்களில் படிய வைத்தார்கள். வரிசையாக ஒட்டிக் கிடந்த செல்கள் வித்தாயின. தேவைப்பட்டது அந்தத் தொடுகைதான்.

என்னிடம் இருப்பவை நகர்பவைதான். ஆனாலும் மேடுகள் கீறல் வழியே வரிசை கட்டுமா என்று பார்க்க ஆசை. நேற்றிரவு மிக மெல்லிய உப்புத்தாளால் ஒரு தட்டை ஒரே திசையில் வருடி, கெட்டிச் சொட்டு ஒன்றை வைத்து மூடியிருக்கிறேன்.