கார்விங்குக்கும் பவுடருக்கும் ஒரே போர்டு: ஹொக்கைடோவில் ஒரு குளிர்காலம்

ஸ்னோபோர்டு என்பது இரண்டு கால்களையும் பொருத்தி, பக்கவாட்டில் நின்று பனியில் சறுக்கும் ஒற்றைப் பலகை. ஜப்பானின் வடதீவான ஹொக்கைடோவில், சப்போரோ நகரில் குடியிருப்பவர்களுக்கு அந்த விஷயத்தில் பெரிய வசதி உண்டு. ஊரின் மேற்கு ஓரத்திலேயே தெய்னே மலை இருக்கிறது. இரவில் பனி கொட்டினால் மறுநாள் மரங்களுக்கிடையே பவுடர். கொட்டாவிட்டால் இயந்திரம் வரிவரியாகச் சமன் செய்துவைத்த சரிவில் கார்விங். எது கிடைக்கும் என்று முந்தின இரவு வரை சொல்ல முடியாது. பல நாட்களில் காலை ஒன்றும் மதியம் வேறொன்றுமாக மாறிவிடும். இரண்டு போர்டுகளைத் தூக்கிக்கொண்டு ரயிலிலும் பஸ்ஸிலும் அலைவது எனக்குச் சரிப்படாது. அதனால் இரண்டுக்கும் தோதான ஒரே போர்டைத் தேர்ந்தெடுப்பதுதான் இந்தக் குளிர்காலத்தில் நான் எடுத்துக்கொண்ட வேலை.

பழக்கமில்லாதவர்களுக்காகச் சுருக்கமாக: கார்விங்கில் போர்டைத் தேய்த்துத் திருப்பக் கூடாது. அதன் எஃகு விளிம்பைப் பனியில் பதித்து, அந்த விளிம்புக்கு இருக்கும் வளைவிலேயே ஓடவிட வேண்டும். சரியாக வந்தால் பின்னால் விரல் அகலம்கூட இல்லாத ஒரே தடம் விழும். தேய்த்தால் அகலமாக வழித்துவிட்ட தடம் விழும். பவுடர் என்பது யாரும் மிதிக்காத புதுப்பனி. அதில் விளிம்புக்கு வேலை குறைவு. போர்டின் அடிப்பரப்பு முழுவதும் சேர்ந்து உங்களைத் தாங்கி மிதக்கவைக்க வேண்டும்.

இந்த இரண்டும் கேட்கும் உருவம் வேறு வேறு. கார்விங்குக்கு நீளமான விளிம்பு பனியில் படவேண்டும். நடுப்பகுதி மேல்நோக்கி வளைந்த கேம்பர் வேண்டும். நம் எடை அதை அழுத்தும்போது விளிம்பு மூக்கிலிருந்து (முன்முனை) வால் (பின்முனை) வரை சீராகப் பதியும். முறுக்கினால் வளைந்துகொடுக்காத விறைப்பும் வேண்டும். பவுடரோ நீண்டு அகன்று மேலே தூக்கிய மூக்கைக் கேட்கிறது. வால் அதைவிடக் குறுகி, கால் வைக்கும் இடம் சற்றுப் பின்தள்ளி இருந்தால் நல்லது. வால் தானாக அமிழ்ந்து மூக்கு மேலெழும், பின்னங்கால் தொடை எரியாது. மூக்குக்கும் வாலுக்கும் உள்ள இந்த அகல வித்தியாசத்தை டேப்பர் என்கிறார்கள்.

இந்த உருவம் இன்று நேற்று வந்ததல்ல. 1965-இல் மிச்சிகனில் ஷெர்மன் பாப்பன் இரண்டு பனிச்சறுக்குப் பலகைகளைச் சேர்த்துக் கட்டி, ஸ்னோபோர்டின் முன்னோடியான ஸ்னர்ஃபரைச் செய்தார். 1970-களில் யூட்டாவில் டிமிட்ரி மிலோவிச் தன் விண்டர்ஸ்டிக் போர்டுகளுக்கு மீன் வால் மாதிரி பிளந்த வால் வைத்தார். அலைச்சறுக்குப் பலகையிலிருந்து வந்த யோசனை அது. இங்கே ஹொக்கைடோவில், பவுடருக்குப் பேர்போன நிசெகோவில் தாரோ தமாய் தொடங்கிய ஜென்டெம்ஸ்டிக் நிறுவனம் அதே அலைச்சறுக்கு மரபைத் தொடர்கிறது. அவர்களுடைய போர்டுகளை நிசெகோவில் நேரில் பார்க்கும்போது, மூக்கிலிருந்து வால் வரை ஓடும் அந்தக் கோட்டின் அழகுக்காகவே கொஞ்ச நேரம் நின்றுவிடுவேன்.

டிசம்பர்: கடைக்குப் போகும் முன் ஒரு கணக்கு

என் கையில் இருந்தது 158 செ.மீ. நீளமுள்ள பொதுவான போர்டு. நடு அகலம் 25.2 செ.மீ. மெதுவாகப் போகும்போது குறை தெரியாது. போர்டை நன்றாகச் சாய்த்தால் மட்டும் குதிகால் பக்கம் பூட் பனியில் இடித்து, விளிம்பு பிடி விட்டுப்போகும். கடையில் பெரும்பாலும் எடையையும் உயரத்தையும் கேட்டு நீளத்தைச் சொல்வார்கள். நான் தொடங்க வேண்டிய இடம் அகலம் என்று அப்போதே பட்டது.

என் பூட் அளவு 27, அதாவது உள்ளே போகும் கால் நீளம் செ.மீ.யில். ஆனால் வெளியே அளந்தால் பூட்டின் நுனியிலிருந்து குதி வரை ஏறக்குறைய 30 செ.மீ. பூட்டைப் போர்டோடு பிணைக்கும் பைண்டிங்கை, குறுக்குவாட்டிலிருந்து 15 டிகிரி திருப்பி வைத்தால் போர்டுக்குக் குறுக்கே அது 29 செ.மீ. இடம் எடுக்கும். பைண்டிங் இருக்கும் இடத்தில் போர்டின் அகலமோ 26 தான். பக்கத்துக்கு ஒன்றரை செ.மீ. வெளியே நீட்டுகிறது. பூட்டின் அடிப்பாகம் பனியிலிருந்து சுமார் 3 செ.மீ. உயரத்தில் இருப்பதால், ஏட்டுக்கணக்கில் 60 டிகிரி வரை சாய்க்கலாம். நடைமுறையில் விளிம்பு பனிக்குள் ஒன்றிரண்டு செ.மீ. இறங்கிவிடும், அதனால் அதற்கு வெகு முன்னாலேயே இடிக்கிறது.

வழி இரண்டு. பைண்டிங்கைத் திருப்பி 30 டிகிரிக்குக் கொண்டுபோனால் குறுக்களவு 26 ஆகிவிடும். அல்லது போர்டை அகலமாக்கலாம். முதலாவது கார்விங்குக்கு மட்டும் உதவும். இரண்டாவது பவுடருக்கும் சேர்த்து உதவும், ஏனென்றால் அகலம் கூடினால் மிதக்கும் பரப்பும் கூடுகிறது. மற்ற எல்லா அளவிலும் கார்விங்கும் பவுடரும் ஆளுக்கொரு பக்கம் இழுக்கின்றன. அகலத்தில் மட்டும் இரண்டும் ஒரே பக்கம் நிற்கின்றன. என் தேடல் முழுவதும் இந்த ஒரு புள்ளியை வைத்துத்தான் நடந்தது.

ஜனவரி தொடக்கம்: தெய்னேயில் ஹாமர்ஹெட்

ஜப்பானில் கார்விங் பிரியர்கள் பலரும் ஓட்டுவது ஹாமர்ஹெட் வகை. மூக்கும் வாலும் வட்டமாக முடியாமல் தட்டையாக வெட்டப்பட்டிருக்கும். போர்டின் மொத்த நீளத்தில் மிகப் பெரும்பகுதி விளிம்பாகப் பனியில் படுவதற்காக இப்படி. கிரே நிறுவனத்தின் டெஸ்பெராடோவை இந்த ஊர் சரிவுகளில் அடிக்கடி பார்க்கலாம். கார்விங் செய்யும் நண்பர் ஒருவர் தன்னுடைய ஹாமர்ஹெட்டை (அது வேறு ஒரு மாடல்) எனக்கு ஓட்டக் கொடுத்தார்.

ஓட்டிய இடம் தெய்னேயின் மேல்பகுதி. 1972 சப்போரோ ஒலிம்பிக்கில் பெண்களுக்கான ஜயன்ட் ஸ்லாலம் பனிச்சறுக்குப் போட்டி நடந்த மலை. சுவிட்சர்லாந்தின் மேரி தெரேஸ் நாடிக் தங்கம் வாங்கியது இங்கேதான். தெளிவான நாளில் மேலே நின்றால் இஷிகாரி விரிகுடா முழுக்கத் தெரியும். சரிவு செங்குத்து, காலையில் இறுகிக் கிடக்கும்.

அந்தப் போர்டு விளிம்பில் ஏறி நின்றதும் விடவே இல்லை. தண்டவாளத்தில் போவது போன்ற உறுதி. ஆனால் அதன் சைட்கட் ஆரம் 13 மீட்டரை ஒட்டி. சைட்கட் என்பது போர்டின் பக்கவாட்டு வளைவு. அதை ஒரு முழு வட்டமாக நீட்டினால் கிடைக்கும் ஆரத்தைத்தான் மீட்டரில் சொல்கிறார்கள். போர்டைச் சாய்க்கச் சாய்க்க உண்மையில் திரும்பும் ஆரம் குறையும். 60 டிகிரி சாய்த்தால் பாதியாகிவிடும். அந்தச் சாய்வில் விழாமல் நிற்க மையவிலக்கு விசை வேண்டும், அதற்கு வேகம் வேண்டும். சமதளம் என்று வைத்துக் கணக்குப் போட்டால் 13 மீட்டர் போர்டுக்கு மணிக்கு 38 கி.மீ. அளவில் வருகிறது, 9 மீட்டர் போர்டுக்கு 31 கி.மீ. போதும். ஞாயிற்றுக்கிழமை குழந்தைகளும் புதியவர்களும் நிறைந்த சரிவில் அந்த வித்தியாசம் சாதாரணமானதல்ல. எனக்கு 9 மீட்டரை ஒட்டிய ஆரம் போதும் என்பது அங்கேயே முடிவாகிவிட்டது.

மதியம் பனி கொட்டத் தொடங்கியது. முழங்கால் அளவு சேர்ந்த ஓரத்தில் அதே போர்டை விட்டுப் பார்த்தேன். தட்டையான மூக்கு உள்ளே பாய்ந்துகொண்டே இருந்தது. சரி, இது நமக்கானது அல்ல.

ஜனவரி கடைசி: நிசெகோவில் மீன் வால்

சைபீரியாவிலிருந்து வரும் குளிர்காற்று ஜப்பான் கடலைத் தாண்டும்போது ஈரத்தை உறிஞ்சி, மேற்கு ஹொக்கைடோ மலைகளில் மோதிக் கொட்டுகிறது. நிசெகோவில் ஒரு பருவத்தில் சராசரியாக 14, 15 மீட்டர் விழுகிறது என்பார்கள். குளிர் அதிகமாதலால் பனி உலர்ந்து லேசாக இருக்கும். கையில் அள்ளி ஊதினால் பறந்துவிடும்.

வாடகைக்கு எடுத்தது பிளந்த வாலும் 20 மி.மீ.க்கு மேல் டேப்பரும் உள்ள பவுடர் போர்டு. நடு அகலம் 27 செ.மீ. ஹனசோனோ பக்கத்து பிர்ச் மரங்களுக்கிடையே இறங்கினேன். பின்னங்காலில் சாய்ந்து நிற்கவே வேண்டியிருக்கவில்லை. இரண்டு கால்களிலும் சமமாக நின்று, மெல்ல அழுத்தி விட்டால் போர்டு எழுகிறது. மறுபடி அழுத்தினால் திரும்புகிறது. அந்த மென்மையை ஒருமுறை அனுபவித்தவர்கள் விடியற்காலையில் லிஃப்ட் வரிசையில் நிற்பது ஏன் என்று கேட்கமாட்டார்கள்.

மதியத்துக்குள் எல்லா இடமும் மிதிபட்டுவிட்டது. கீழே வரும் சமன் செய்த சரிவில் அதைச் சாய்த்துப் பார்த்தேன். மூக்குப் பக்கம் நன்றாகப் பிடித்தது. திருப்பத்தின் கடைசியில் மட்டும் குறுகிய வால் வழுக்கிப் போனது. திருப்பத்தை முடித்து அடுத்ததற்குத் தள்ளிவிடும் அந்த உந்துதல் இல்லை. பூட் மட்டும் ஒரு தடவைகூட இடிக்கவில்லை. அகலம் பற்றிய கணக்கு சரிதான் என்று அன்று உறுதியானது.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். நிசெகோவில் கயிற்றைத் தாண்டிப் போகக் கூடாது. எல்லைக்கு வெளியே போவதென்றால் திறந்திருக்கும் கேட் வழியாக மட்டும்தான். எல்லைக்குள்ளும் மரங்களின் அடியில் ஆபத்து உண்டு. கிளைகளுக்குக் கீழே பனி இறுகாமல் குழியாக இருக்கும். தலைகீழாக விழுந்தால் தானாக வெளியே வருவது மிகக் கடினம். கண்ணுக்கெட்டும் தூரத்தில் எப்போதும் ஒருவர் இருக்க வேண்டும், கழுத்தில் விசில் வேண்டும். கேட்டைத் தாண்டினால் பீக்கன் (பனிச்சரிவில் புதைந்தவரைக் கண்டுபிடிக்க உதவும் சமிக்ஞைக் கருவி), மண்வாரி, துழாவும் கம்பி மூன்றும் வேண்டும். தனியாகப் பவுடருக்குள் போவதை நான் யாருக்கும் சிபாரிசு செய்யமாட்டேன்.

பிப்ரவரி: தேர்ந்தெடுத்தது

கடைசியில் வாங்கியது 159 செ.மீ. நீளம், நடு அகலம் 26.6, சைட்கட் ஆரம் 9 மீட்டருக்குச் சற்றுக் குறைவு, டேப்பர் 12 மி.மீ. இரண்டு கால்களுக்கிடையிலும் வால் வரையிலும் கேம்பர். மூக்கில் மட்டும் மேலே தூக்கிய ராக்கர். வால் பிளக்காதது. விறைப்பு நடுத்தரத்துக்கு மேல்.

அகலமான போர்டு என்றால் 10 செ.மீ. வரை குறைத்து வாங்கலாம் என்று பலர் சொல்கிறார்கள். பவுடர் மட்டும் என்றால் சரி. இறுகிய சரிவில் பனியில் பதியும் விளிம்பு நீளம்தான் நம்மைக் காப்பாற்றுவது. அதைக் குறைக்க எனக்கு மனமில்லை. அகலம் கூடும்போது முறுக்கு விறைப்பும் கூடியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். இல்லாவிட்டால் கால் கொடுக்கும் அழுத்தம் விளிம்புக்குப் போய்ச் சேராது.

இதற்கு விலையும் உண்டு. ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு மாற்ற அதிக நேரம் பிடிக்கிறது. நெருக்கமான மரங்களுக்கிடையே சட்டென்று திருப்பும்போது கணுக்கால் களைத்துப்போகிறது. பூட் அளவு 24, 25 இருப்பவர்களுக்கு 26.6 தேவையே இல்லை. அவர்களுக்கு 24.5 செய்யும் வேலையை எனக்கு இது செய்கிறது. உங்கள் பூட்டை அளந்து, குறுக்களவு கணக்குப் போட்டு, அப்புறம் போர்டைப் பாருங்கள்.

பைண்டிங் கோணம் முன்கால் 30, பின்கால் 12. இரண்டும் மூக்கை நோக்கி. முன்பு வாத்து நடை போல ஆளுக்கொரு பக்கம் திரும்பியிருந்தது. இப்போது இடுப்பு தானாக முன்னோக்குகிறது. குதிகால் பக்கத் திருப்பத்தில் இதன் பலன் உடனே தெரிந்தது. இறுகிய பனியில் அந்தப் பக்கம் போர்டு படபடவென்று துள்ளுவது பலருக்கும் உள்ள தொல்லை. நாற்காலியில் உட்காருவது போல இடுப்பைப் பின்னால் தள்ளினால் எடை விளிம்பை விட்டு விலகிப்போகிறது. முன்முழங்காலை மடக்கி, இடுப்பை மூக்குப் பக்கம் திருப்பி, பார்வையைத் திருப்பத்தின் முடிவில் வைத்தால் துள்ளல் அடங்குகிறது. இது கைவரத்தான் பிப்ரவரியின் பெரும்பகுதி போயிற்று. இப்போது நடுத்தரச் சரிவில் இரண்டு பக்கமும் மெல்லிய தடம் விழுகிறது. மேலே செங்குத்தில் குதிகால் பக்கம் இன்னும் பாதித் திருப்பம் தேய்கிறது.

பவுடர் நாட்களில் பைண்டிங்கை 2 செ.மீ. பின்னால் தள்ளிப் பார்த்தேன். மிதப்பு கொஞ்சம் கூடியது, ஆனால் மதியம் கார்விங்கில் மூக்கு பிடிப்பது தளர்ந்தது. டேப்பரும் மூக்கு ராக்கரும் ஏற்கெனவே அந்த வேலையைச் செய்வதால் நடுவிலேயே விட்டுவிட்டேன். தொடை அளவு பனியிலும் மூக்கு மேலேயே நின்றது. மீன் வாலின் மென்மை இதில் இல்லை. திருப்பத்தை முடிக்க இன்னும் கொஞ்சம் அழுத்த வேண்டும். மதியச் சரிவில் வால் தரும் உந்துதலை நினைத்தால் அது எனக்குச் சம்மதமே.

பராமரிப்பு

பக்க விளிம்பை 88 டிகிரிக்குத் தீட்டியிருக்கிறேன், அடிப்பக்கம் 1 டிகிரி. மூக்கிலும் வாலிலும் பனியில் படாத பகுதியை மட்டும் மழுக்கிவிட்டேன். மெழுகு, கடுங்குளிருக்கான கெட்டி வகை. மைனஸ் 10 டிகிரியில் புதுப்பனித் துகள்களின் முனை கூர்மையாக இருக்கும். மிருதுவான மெழுகில் அவை குத்தி நின்று போர்டை இழுக்கும். தட்டையான இடங்களில் நடுவழியில் நின்றுவிட்டால் இடுப்பளவு பனியில் நடப்பது பெரும்பாடு, அதனால் இதில் சோம்பல்படுவதில்லை.

மார்ச்சில் பனி ஈரமாகும். மெழுகை மாற்ற வேண்டும். சப்போரோ கொகுசாய் சறுக்குத்தளத்தில் வசந்தம் வரை ஓட்டலாம். காலையில் இறுகியும் மதியத்தில் குழைந்தும் இருக்கும் அந்தச் சரிவில் பக்க விளிம்பை 87 டிகிரிக்கு, அதாவது இன்னும் கூராக, தீட்டிப் பார்க்கப் போகிறேன். செங்குத்தில் தேய்கிற அந்தப் பாதித் திருப்பத்துக்குக் காரணம் விளிம்பா, முழங்காலா என்று அதில் தெரிந்துவிடும்.