லைப்ரரிய இடிக்கிறதா, திருத்துறதா?

நேத்து எங்கட பிரதேச சபைட மாதாந்த அமர்வுக்கு சும்மா போய் பின்னால குந்தியிருந்தன். ஊர் லைப்ரரிய இடிச்சிட்டு ரெண்டு மாடி கட்டுறதா, இல்ல கூரைய மட்டும் மாத்துறதா எண்டு ரெண்டு மணித்தியாலம் ஒரே சண்டை.

கூரை மோசம்தான், மாரி வந்தா பேப்பர் வாசிக்கிற மேசைக்கு மேலதான் சரியா ஒழுகும், போன மார்கழி நானே ஒரு கையில குடையும் மறு கையில பேப்பருமா இருந்தனான். ஆனா சுவர் கல்லு மாதிரி நிக்குது. 1978 கார்த்திகை சூறாவளிக்கு மட்டக்களப்பில எத்தின கட்டிடம் போச்சு, இது ஓடு மட்டும்தான் பறிகொடுத்ததாம், மரமெல்லாம் முதிரை. இத ஒரு உறுப்பினர் சொல்ல, மற்றவர் "அப்ப கறையானுக்கு ஆர் பதில் சொல்றது?" எண்டார், சபையே சிரிச்சிது.

எனக்கெண்டா திருத்துறதுதான் சரி. கல்லடியில 2013ல புதுப் பாலம் திறந்தாப் பிறகும் 1924ல கட்டின பழைய பாலத்த பக்கத்திலயே விட்டுத்தானே வச்சிருக்கு, பின்னேரத்தில சனம் அதிலதான் காத்து வாங்குது. புதுசு கட்டப்போனா காசு துண்டு துண்டாத்தான் வரும், கொன்கிரீட் தூணோட கம்பி வானத்தப் பாத்துக்கொண்டு நிக்கும், அதுவரைக்கும் புத்தகமெல்லாம் எங்க போறது? இத ஒருத்தரும் கேக்கல்ல.

கடைசியா தொழில்நுட்ப உத்தியோகத்தர்ட ரெண்டுக்கும் எஸ்டிமேட் கேட்டு அடுத்த அமர்வுக்குத் தள்ளிட்டாங்க. வெளிய வரக்குள்ள பக்கத்தில இருந்த பெரியவர் கேட்டார், "மனே, மழைக்கு முதல் ஒரு தறப்பாளாவது போடுவாங்களா?"